உப்பாத ரொட்டி

அந்த ரொட்டி இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அப்பளம்போல மெலிசு, மேலெல்லாம் குத்திவிட்ட ஓட்டைகள், ஓரத்தில் கருகல். துரை வீட்டு மேசை நடுவில் வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

துரை என்றால் ராஜபாளையத்து மில்லில் மெஷின் பூட்ட வந்த என்ஜினீயர். சீமையில் சொந்த ஊரில் இருக்கவிடாமல் விரட்டப்பட்ட யூதர்கள் அவர்கள். என் அப்பா அவரிடம் ஃபிட்டர். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை வேதக் கதை சொல்லும்போது பிள்ளைகள் குறுக்கே பேசினால் தலையில் குட்டு விழும். எனக்கு அது ரொம்ப வசதி. யாராவது பேர் கேட்டாலே அழுதுவிடுகிறவள் நான். துரை மகளுக்கோ வீட்டில்தான் வேதப் பாடம். சாயங்காலம் துரை சொல்லிக்கொடுப்பார், எபிரெய எழுத்தின்மேல் அவள் விரல் வலமிருந்து இடமாக ஓடும், வரிக்கு வரி "ஏன்?" என்பாள். குட்டு எப்போது விழும் என்று நான் ஜன்னலோரம் காத்திருப்பேன். விழவே விழாது.

ஒரு வருஷம் அவர்களுடைய பஸ்கா பண்டிகைக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். அன்றைக்கு மேசையில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வீட்டுத் தகப்பனார் கதையை ஆரம்பிப்பார். கதைக்கு அப்புறம்தான் சாப்பாடு. துரை மகள் என்னைவிடப் பெரியவள். துரை என்னைப் பார்த்து, "இன்னைக்கு நீ சின்னது. நீ கேளு" என்று சொல்லிவிட்டார்.

நான் அம்மா பக்கம் ஒண்டிக்கொண்டேன். சமையல்கட்டிலிருந்து கோழிச்சாறு மணக்கிறது. என் அப்பா தொண்டையைச் செருமுகிறார். அம்மா இடுப்பில் கிள்ளி, "வாயைத் தொறயேன்ட்டி, முத்தா கொட்டிரும்?" என்றாள். துரை மகள் எங்கள் தெருவில் பழகிய தமிழில், "ஏட்டி, கேளுட்டி! எனக்குப் பசிக்கு!" என்றாள். அவளையே கேட்கச் சொல்லலாம் என்று துரைசானியம்மா சைகை காட்டினார். துரை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "காத்திருப்போம்" என்று துணியை மட்டும் விலக்கினார்.

ரொட்டியைப் பார்த்ததும் என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

"இது ஏன் உப்பவே இல்ல?"

துரை மேசையைத் தட்டிச் சிரித்தார். அவர்கள் பிள்ளைகள் காலங்காலமாகக் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்றாம். எகிப்தில் அடிமையாயிருந்தவர்கள், விடுதலை கிடைத்த அவசரத்தில், மாவு புளிக்கும்வரை நிற்காமல் கிளம்பிய கதையைத் தமிழும் சைகையுமாகச் சொன்னார். அவர்களை நடத்திப்போன மோசேயின் கதை கோவிலில் கேட்டு எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் கேட்டு, எனக்கென்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் நானே, "பொறவு?" என்றேன். துரை மகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "போதும்ட்டி, நிறுத்து!"

உலகச் சண்டை முடிந்து அவர்கள் கப்பலேறிப் போனார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாக்கப்பட்டு வந்தேன். கூச்சம் இன்னும் போன பாடில்லை. நேற்று நான் சுட்ட சப்பாத்தி ஒன்று தட்டையாய்க் கருகிப்போனது. பேத்தி அதைத் தூக்கிப் பார்த்து, "ஆச்சி, இது ஏன் உப்பல?" என்றாள். "திங்கும்போது என்ன கேள்வி?" என்று மருமகள் அதட்டினாள்.

"அவ கேக்கட்டும்" என்று அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.