மகன் ஒப்படைத்த பாசி

பிறர் வீட்டு மீன் தொட்டியைக் கழுவிக் கொடுக்கும் தொழிலில், மீனைக் கண்டு மகிழும் பேறு வீட்டுக்காரருக்கு. பாசியைக் கண்டு பழகும் பேறு நமக்கு. வீட்டில் தொட்டி வைத்திருக்கும் அன்பர்களே, ஞாயிறன்று சுரண்டிய கண்ணாடி வெள்ளிக்குள் மீண்டும் பசேலென்று நிற்பதைக் கண்டு நீங்களும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நானும் உங்களில் ஒருவன்.

இத்தொழில் என் மகன் குகனுடையது. இங்கே மலேசியாவில், ஈப்போவிலும் செமோரிலும் வீடு வீடாகச் சென்று தொட்டிகளைப் பராமரித்து வந்தான். சிங்கப்பூரில் வேலை கிடைத்தபோது, "ஒரு வருசம் பாத்துக்குங்கப்பா, வந்துர்றேன்" என்று வாளியையும் சுரண்டியையும் என்னிடம் தந்து போனான். இது மூன்றாம் ஆண்டு. நான் பணி ஓய்வு பெற்றவன். காலையில் பதிகம் ஓதி முடித்து மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறேன். அவன் திரும்பும் நாளில் அவனுக்கென்று வீடுகள் காத்திருக்க வேண்டும் என்பது ஒன்றே காரணம்.

சாமி மேடையின் வெளிச்சம்

குனோங் ராபாட்டில் லெட்சுமி அம்மாள் வீட்டுத் தொட்டி, சாமி மேடையை ஒட்டியே இருந்தது. மேடையைச் சுற்றிய வெள்ளை விளக்குச் சரம் இரவும் பகலும் எரியும். தொட்டி விளக்கையும் அவர் அணைப்பதில்லை. திருமாலே மீனாக வந்தவர் ஆயிற்றே, இருட்டில் வைக்கலாமா என்பது அவர் எண்ணம். பக்தியில் குறையில்லை, பாசியும் குறைவின்றி வளர்ந்தது. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் ஆகாது, இரவிலாவது சரத்தை நிறுத்துங்கள் என்று பணிவாகச் சொன்னேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். "நெத்தி நெறைய துன்னூறு பூசிக்கிட்டு சாமி விளக்க அணைக்கச் சொல்றீங்களே ஐயா!" தொட்டியைத் தள்ளிப் பார்த்தேன்; அசையவில்லை. சேர்ந்து நகர்த்துவதற்கு ஆளும் இல்லை. நான் திகைத்து நிற்பதைக் கண்டு இரங்கியவர் போல அவரே சொன்னார்: "குகன் தம்பியா இருந்தா அந்தப் பக்கக் கண்ணாடில கறுப்புத் தாள ஒட்டிட்டுப் போயிருப்பாருலா. அவரு எப்ப வாராரு?"

தீபாவளிக் கழுவல்

செமோரில் லோரி ஓட்டும் முனியாண்டி, சென்ற தீபாவளிக்கு வீட்டைக் கழுவியபோது தொட்டியையும் சேர்த்துக் கழுவிவிட்டார். கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாய் நீரில் அலசிப் பிழிந்து, முழுதும் புதுநீர் நிரப்பியிருந்தார். பஞ்சில் குடியிருந்த, கண்ணுக்குத் தெரியாத நல்லுயிர்கள்தாம் நீரைக் காப்பவை. அவை அடியோடு போயின. தூய்மையின் மேல் உள்ள ஆசையால் இப்பிழையை நீங்களும் செய்திருப்பீர்கள், அன்பர்களே. சில நாளில், "அலாமா, தண்ணி குடிக்கிற செண்டோல் மாதிரி பச்சையாப் போச்சு ஐயா!" என்று தொலைபேசியில் அலறினார்.

நான் குகனை அழைத்தேன். விடை எனக்குத் தெரியாததன்று. ஆயினும் பாசி என்றால் அவன் வேலைக்கு நடுவிலும் பேசுவான்; சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு 'ம்' என்பதோடு சரி. அன்று நிறையப் பேசினான். பாதிக்கும் குறைவாக நீரை மாற்றுங்கள், தீனி போடாதீர்கள், தொட்டியை மூடிச் சில நாள் இருளில் வையுங்கள் என்றான். அவன் வைத்த பிறகும் நான் சற்று நேரம் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூடுவதற்கு முனியாண்டியிடம் அவருடைய கைலியையே கேட்டேன். கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் சொன்னார்: "மீனு கைலி கட்டிக்கிட்டு உள்ள உக்காந்துருச்சு. நான் வெளிய என்னாத்த கட்டுறது?"

வளர்ந்த மீன்

பாசி தின்னும் மீன் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டுத் தொட்டியில் விட்டிருந்தேன். சிறிதாக இருந்தவரை கண்ணாடியை விட்டு வாயை எடுக்காது. வளர்ந்ததும் மற்ற மீன்களின் தீனிக்கு முந்திக்கொண்டு வந்தது. பாசியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதை எனக்கு விற்றவன் ஈப்போவில் மீன் கடை வைத்திருக்கும் சேகர், குகனோடு படித்தவன். வீடுதோறும் குகன் எப்போது வருவான் என்று கேட்கிறார்கள். சேகர் மட்டும் கேட்பதில்லை. நான் தொட்டி கழுவும் வீடுகளின் மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

மீனைப் பற்றி நான் கடையில் முறையிட்டதைக் கேட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தான். பிறகு தயங்காமல் சொன்னான்: "ருசி கண்ட மீனு ஐயா, இனிமே பாசில வாய வைக்காது. குகனும் அப்படித்தான், சிங்கப்பூர விட்டு வரமாட்டான். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு வாளி? வீடுங்கள எங்கிட்ட விட்டுருங்க."

மரக்கட்டையின் மூலை

எழுந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். அவன் சொல் வீடு வரை உடன் வந்தது.

எங்கள் வீட்டுத் தொட்டி குகன் அமைத்தது. அதிலுள்ள மரக்கட்டை, சுங்காய்ப் பக்கம் ஓர் ஆற்றோரத்தில் அவன் கண்டெடுத்து வந்து வேகவைத்துப் பதப்படுத்தியது. அவன் போன பிறகு அதில் கருந்தாடி போல ஒரு பாசி பற்றியது. தொலைபேசியில் அவனிடமும் சொல்லியிருந்தேன். சுரண்டினால் எளிதில் வராது; வந்தாலும் மறுபடி முளைக்கும். உயிரைப் பற்றிய ஆணவம் என்னும் மலத்துக்குச் சமய நூல்கள் பாசியை உவமை சொல்வதை இளமையிலேயே படித்தவன் நான். பொருள் விளங்கியது இந்தக் கட்டையில்தான். தீனியைக் குறைத்தேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், வாரந்தோறும் கொஞ்சம் நீர் மாற்றினேன், கட்டையை வெளியே எடுத்துத் துலக்கினேன். மாதங்கள் செல்ல, பாசி தேய்ந்து ஒரு மூலையில் மட்டும் நின்றது.

ஞாயிறன்று குகன் அழைத்தான். இந்தத் தீபாவளிக்கும் விடுப்பில்லை என்றான். சேகர் வீடுகளைக் கேட்பதைச் சொன்னேன். கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவானோ என்று அஞ்சியபடி காத்திருந்தேன். அவனோ, "கட்டைல இருந்த அந்தப் பாசி போயிருச்சாப்பா?" என்றான். ஒரு மூலையில் இருக்கிறது, நாளை அதையும் துலக்கிவிடுவேன் என்றேன்.

"அத விடுங்கப்பா. அந்த மூலைய நான் வந்து பாத்துக்கறேன்."

மலம் அற வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஓதிய நான், அன்பர்களே, இப்போது அந்த மூலைப் பாசிக்கு மட்டும் வேளை தவறாமல் வெளிச்சம் காட்டி வருகிறேன்.