குணபாலனின் மீசைக்கு வந்த கண்டம்

இது நடந்த கதை, சத்தியம். மீசையின் நீளத்தில் மட்டும் இரண்டு அங்குலம் கூட்டியிருக்கிறேன்.

ஸ்காபரோவில், பாண் என்கிற ரொட்டி சுடும் மல்வேர்ன் ஃபக்டரியில் மெஷின் திருத்துகிற குணபாலனை, மா குழைக்கும் புது மெஷின் பழகப் பல்கேரியாவுக்கு அனுப்பினார்கள். பிளோவ்டிவ் என்ற பழைய நகரத்தில், ரோமர் கட்டிய கல் அரங்கைப் பார்த்துவிட்டு, தாடி வழிக்கப் பக்கத்துச் சலூனில் உட்கார்ந்தார். மீசை அவருக்கு உயிர். பெண் பார்க்கப் போன அன்று தவமணி வாய் திறந்து புகழ்ந்தது அதை மட்டும்தான்.

தாடியை வழித்து முடித்த கிழவர் மீசையைத் தொட்டு, எடுக்கவா என்று சைகையில் கேட்டார். குணபாலன் வேண்டாமென்று தலையை இடமும் வலமும் ஆட்டினார். கிழவர் சிரித்தபடி மீசையிலும் வாயிலும் சோப்பை அப்பினார். அந்த ஊரில் அப்படி ஆட்டினால் 'ஓம், எடு' என்று அர்த்தம். குணபாலனுக்கு அது எங்கே தெரியும்? கழுத்து கழன்று ஸ்காபரோவில் போய் விழும் வேகத்தில் ஆட்டினார். இவ்வளவு ஆசையா என்று கிழவர் கத்தியைத் தீட்டினார். கை இரண்டும் துணிக்குள், வாய் திறந்தால் சோப்பு. கத்தி மூக்கடியில் குளிர்ந்தது. தவமணியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

கிழவர் கத்தியைச் சற்று விலக்கி, கடைசியாகப் புருவத்தைத் தூக்கினார். குணபாலன் 'எடுத்துத் துலை' என்று மனதுக்குள் அழுதபடி, தலையை மேலும் கீழும் அசைத்தார்.

கிழவர் முகம் வாடிக் கத்தியை மடக்கினார். அங்கே அதுதான் 'இல்லை'.

ஃபக்டரிச் சாப்பாட்டு மேசையில் நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், கூட வேலை செய்யும் பிரியந்தன், "பச்சைப் பொய் அண்ணை. தலையை அப்பிடி ஆட்டினா எந்த ஊரில ஓம்?" என்றான்.

"எங்க மதுரைல கூட சரிங்கறதுக்கு அப்படித்தான் ஆட்டுவோம்," என்றான் அழகேசன்.

"அது உங்கட ஆக்களுக்குக் கழுத்துச் சுளுக்கு," என்றான் பிரியந்தன்.

அழகேசன் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்தான். "யாருக்குடா சுளுக்கு?"