ஹமீது நானாவின் திசைகாட்டி

மெல்பன், ஸ்பிரிங்வேலில் டயர்க் கடையில் வேலை செய்த ஹமீது நானாவுக்கு நாற்பத்தாறு வயதில் சீனி வருத்தம் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நானா மலைச் சைக்கிள் வாங்கினார். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹெப்பர்ன் ஸ்பிரிங்ஸ். ஒரு காலத்தில் இத்தாலியர் குடியேறிய இடம் அது. அவர்கள் கட்டிய கல்வீடுகளையும் திராட்சைத் தோட்டங்களையும் சுற்றிக்கொண்டு காட்டுப்பாதை ஓடும். திங்கட்கிழமை கடையில் நானா கதைப்பதைக் கேட்டால், மனிசன் இத்தாலிக்கே போய்வந்தார் என்று தோன்றும்.

பக்கத்து வீட்டு மூஸாவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுவான், குறும்புக்குப் போட்டதில்லை. 2005 ஜூனில், நானாவின் சைக்கிள் கைப்பிடியில் இருந்த திசைகாட்டிக்கு அடியில் ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றைக் கறுப்பு டேப்பால் ஒட்டிவிட்டான். காட்டுக்குள் வழிதவறி ரெண்டு மணிநேரம் சுற்றட்டும் என்பதுதான் திட்டம். நானாவோ ஒவ்வொரு ஞாயிறும் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பினார்.

ஏழாவது ஞாயிறு மூஸாவும் கூடப் போனான். அப்போதுதான் விளங்கியது: பாதை நானாவுக்கு மனப்பாடம். ஊற்றுத் தண்ணீர்ப் பம்பில் முகம் கைகால் கழுவி வுளு செய்தார், மழைக்கோட்டை விரித்தார், எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவது என்று குனிந்து திசைகாட்டியைப் பார்த்தார். மேகம் மூடிய குளிர்காலத்தில் சூரியனை நம்பித் திசை பார்க்க முடியாது. ஊசி சொன்னபடி ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்து நின்று, கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டப் போனார்.

மூஸா கறுப்பு டேப்பைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது.

"நானா, அது கிப்லா இல்ல."

"உனக்கு எப்ப இருந்துடா மார்க்கம் வந்த?"

"கீழ காந்தம் இரிக்கி. நான்தான் ஒட்டின."

நானா டேப்பை உரித்தார். ஊசி தள்ளாடிப் போய் வேறெங்கோ நின்றது. அடி விழும் என்று மூஸா காத்திருந்தான். விழுந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எத்தின ஞாயித்துக்கிழம?"

"ஆறு."

"என்ட உம்மாவ ஆஸ்பத்திரில வெச்சிருந்த கிழமையுமா?"

"ஓம்."

நானா திரும்பி நின்று தொழுதார். நீண்ட நேரம் எழும்பவில்லை. மூஸா ரெண்டு சைக்கிளையும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வெள்ளிக்கிழம பள்ளிவாசலுக்கு வா," என்றார் மழைக்கோட்டை மடித்தபடி. "அந்தத் தொழுகையெல்லாம் கூடுமா எண்டு மவுலவிட்டக் கேக்கணும். நீதான் கேக்கிற. ஆறு கிழம தெரியாம நிண்டிரிக்கிறன், எனக்கு வெக்கமா இரிக்கி."

"நானாக்கு ஏன் வெக்கம்?"

நானா சைக்கிளில் ஏறிப் பெடலை மிதித்தார்.

எந்த இறக்கத்திலும் கூச்சல் போட்டு முந்துகிறவன், அன்று பிரேக்கை விடாமல் நானாவின் பின்னாலேயே வந்தான். மவுலவியிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எப்படிச் சுற்றி வளைத்தாலும் 'நான்' என்றுதான் தொடங்க வேண்டியிருந்தது.