இரண்டாம் பக்கத்தை நான் படிக்கவில்லை

செல்வராஜின் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். அவர் ஹுத்தான் மெலிந்தாங்கில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அதற்கு நான்கு மாதம் முன்புதான் கோலாலம்பூரில் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. தங்கை லெட்சுமி தன் கல்லீரலின் வலது பாதியைக் கொடுத்திருந்தாள். அதன்பின் ஈப்போவில் எங்கள் கிளினிக்கில் பார்த்து வந்தோம். நான் அங்கே சிஸ்டர், நோயாளிகள் வாயில் மிஸ்ஸி. ஒழுங்காக இருந்த பிலிருபின், அதாவது ரத்தத்தில் பித்தத்தின் அளவு, அன்று ஏறியிருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு என்றார்.

மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் எங்களைக் கேட்காமல் நாட்டு மருந்தைத் தொடக் கூடாது. இதை எல்லாருக்கும் தமிழில் சொல்லிக் கொடுப்பவள் நான்தான். சொன்னாலும் நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள், மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்துவிடுவார்கள் என்பது என் முடிவு. தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? அன்று அவர் மனைவி பவானியின் பையில் கீழாநெல்லிக் கட்டு ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான்.

“இத எத்தன நாளா குடுக்குறீங்க?” என்றேன். பவானி ஏதோ சொல்ல வந்தாள். நான் விடவில்லை.

“நான் ஒன்னும் குடிக்கல லா, மிஸ்ஸி” என்றார் செல்வராஜ். மனைவியைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறார் என்று ஃபைலில் எழுதினேன். புதிதாக வந்த டாக்டர் அதை நம்பி, நாட்டு மருந்தை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அதோடு விட்டேனா? மாலையில் லெட்சுமிக்குப் போன் போட்டு, அண்ணி நாட்டு மருந்து கொடுக்கிறாள், கொஞ்சம் கவனி என்றேன். அக்கறை என்று நினைத்துச் செய்தேன். ஒரு நர்ஸ் அதைச் செய்யவே கூடாது.

பத்தாம் நாள் குளிர்காய்ச்சலோடும் மஞ்சள் கண்களோடும் செல்வராஜ் வார்டுக்கு வந்தார். பெரிய டாக்டர், கோலாலம்பூரில் அறுவை செய்தவர்கள் அனுப்பியிருந்த கடிதத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் எல்லாம் இருந்தது. பித்தநாளம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளை விடுவதில்லை. வலது பாதியிலிருந்து பலருக்கு ஒரே குழாயாக வருவது லெட்சுமிக்கு இரண்டாக வந்தது. கீரைத்தண்டைவிட மெல்லிய அந்த இரண்டையும் தனித்தனியாக அண்ணனின் குழாயோடு தைத்திருந்தார்கள். தைத்த இடம் பிறகு சுருங்கலாம், அரிப்போ மஞ்சளோ வந்தால் உடனே ஸ்கேன் எடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை ஃபைலில் கோத்தவள் நான். முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

இரண்டில் சின்னக் குழாயைத் தைத்த இடம் சுருங்கி, தேங்கிய பித்தத்தில் கிருமி ஏறியிருந்தது. வாய்வழியாக விட்ட எண்டோஸ்கோப்பி அதை எட்டவில்லை. விலாவுக்கிடையில் டியூப் விட்டு, பித்தம் வடிய வெளியே பை மாட்டி, ஐசியூவில் வைத்தார்கள். முன்பே ஸ்கேன் எடுத்திருந்தாலும் டியூப் தேவைப்பட்டிருக்கும், ஆனால் ஐசியூவில் கிடந்திருக்க மாட்டார் என்றார் பெரிய டாக்டர். எனக்குத் தலை நிமிரவில்லை.

வெளியே பவானி உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

“அந்தக் கட்ட பக்கத்து வீட்டுல குடுத்தாங்க. குடுக்கலாமான்னு ஒங்ககிட்ட கேக்கத்தான் கொண்டாந்தேன், மிஸ்ஸி” என்றாள். “இப்ப எங்கிட்ட சொல்லி என்னா செய்ய? லெட்சுமிகிட்ட சொல்லுங்க. நான் குடுத்த ஈரல கொன்னுட்டியேன்னு எல்லார் முன்னாடியும் என்னப் பாத்து கேட்டுட்டா.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். லெட்சுமியைக் கூப்பிட எனக்கு மூன்று நாள் துணிச்சல் வரவில்லை. கூப்பிட்டு, அண்ணி எதையும் கொடுக்கவில்லை, தைத்த குழாய்தான் சுருங்கிவிட்டது என்றேன். அதிலும் என்னை மறைத்துக்கொண்டுதான் பேசினேன்.

“அப்ப என் குழாயாலதான் அண்ணனுக்கு இப்படி ஆச்சா, மிஸ்ஸி?”

“இல்லம்மா. பாத்துக்கச் சொல்லி கடிதத்துலயே எழுதியிருந்தாங்க. நான்தான் படிக்கல.”

போனை வைத்துவிட்டாள். ஃபைலில் நான் எழுதியது தவறு என்று அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். நோயாளி வீட்டார் பேசினால் முடிக்க விடுங்கள். நம் ஆட்கள்தானே, தெரியாதா என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். செல்வராஜ் பிழைத்துக்கொண்டார், பல மாதம் கழித்து டியூபையும் எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் பவானியும் லெட்சுமியும் ஒரே காரில் கிளினிக்குக்கு வருவார்கள். நான் ஓய்வு பெறும்வரை, ஒருத்தி வரும் நாளில் இன்னொருத்தி வரவில்லை.