இனிப்பு மேசையும் கதவு திறந்த கிழமையும்

சித்திரை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மகள் தன் கைத்தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள். படத்தில் ஒரு நீள மேசை இருந்தது. அதன் மேல் கண்ணாடிப் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் இனிப்பு. பின்சுவரில் குடை அளவுக்குக் கடதாசி லொலிபொப்புகள். நடுவில் இளஞ்சிவப்புக் கேக். பேத்தியின் இரண்டாவது பிறந்தநாளை இப்படித்தான் வீட்டில் செய்ய வேண்டும் என்றாள். பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

ஏன் என்னிடம் என்று நான் கேட்கவில்லை. குளத்து நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து பதிவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் டயரி எழுதத் தொடங்கினேன். ஓய்வு பெற்றதும் அளப்பதை நிறுத்தினேன், எழுதுவதை நிறுத்தவில்லை. எந்த வருடம் வாவி பெருகி எங்கள் வேலியைத் தொட்டது, எந்த மாதம் கிணறு இறைத்தோம் என்று அயலில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். இது பெருமைக்குச் சொல்வதல்ல. பெருமை இல்லாமலும் சொல்லவில்லை.

அன்றைக்கே மகள் இன்னொன்றும் சொன்னாள். மருமகனின் தாய், என் சம்மந்தி, கரடியனாற்றிலிருந்து வருவதாகத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். இது எங்கள் வீட்டில் சிறிய செய்தி அல்ல. மகனுக்குத் தன் தம்பியின் மகளைக் கட்டி வைக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். பிள்ளைகள் இருவரும் தாங்களாக முடிவெடுத்தார்கள். சம்மந்தி கல்யாணத்தன்று கோயிலுக்கு வந்து நின்றார், தாலி கட்டியதும் அட்சதை போட்டார், பந்தி தொடங்கும் முன்னரே பஸ் ஏறிவிட்டார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பது வழக்கம். ஆகவே மகனைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் எங்கள் படலையைத் திறந்துதான் வர வேண்டும். பேத்தி பிறந்தபோது ஒருமுறை வந்தார். பிள்ளையைத் தூக்கினார், கையில் சங்கிலி போட்டார், தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் போனார். முதலாவது பிறந்தநாளுக்கு வரவேயில்லை.

“மாமி வந்தா மட்டும் காணாதப்பா” என்றாள் மகள். “அவ இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிடோணும். அதுதான் எனக்குப் பிறந்தநாள். மற்றதெல்லாம் படத்துக்கு.”

நான் வேலையைத் தொடங்கினேன். கூடத்துச் சுவரை அளந்தேன். பலூனை ஊதி, கண்ணாடித்தாளில் சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கினால் பெரிய டொபி போல இருக்கும் என்பதைக் கண்டுபிடித்து, பதினாறு செய்தேன். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கும் காலம் என்பதால் கடதாசி லொலிபொப்புகளைச் சுவரில் ஒட்டாமல் நூலால் கட்டினேன். எறும்புக்காக மேசையின் நாலு கால்களையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் வைப்பது என்று முடிவு செய்தேன். பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடிய கல்லு டொபி ஒன்றும் வாங்குவதில்லை என்றும் எழுதி வைத்தேன். நாள் பற்றி யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பிறந்தநாள் வெள்ளிக்கிழமை வந்தது. போன வருடத்து டயரியைப் புரட்டினேன். முதலாவது பிறந்தநாள் முடிந்து ஒரு கிழமை கழித்துத்தான் அம்மன் கோயில் கதவு திறந்தது என்று என் எழுத்திலேயே இருந்தது. ஆகவே முட்டை போட்ட கேக், கோழி றோல், எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டேன்.

வெளியூர் வாசகருக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் கண்ணகை அம்மன் கோயில் வருடத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். திறந்த நாளிலிருந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடி முடியும் வரைக்கும் ஊரில் மச்சம் மாமிசம் சமைப்பதில்லை. முட்டையும் அப்படித்தான். அந்தச் சடங்கு பூரணையை ஒட்டி வருவது. பூரணை வருடத்துக்கு வருடம் பத்து, பதினொரு நாள் முன்னுக்கு நகரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் என் டயரியைப் பார்த்தேன்.

பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கோயில் வீதியில் பந்தலுக்குக் கம்பு இறக்குவதைப் பார்த்துவிட்டு மனைவி வீட்டுக்கு வந்தாள்.

“வாற திங்கட்கிழமை கதவு திறக்கிறாங்களாம். உங்கட டயரியில என்ன இரிக்கி?”

“அதுக்கும் அடுத்த கிழமைதான்.”

“அப்ப டயரியக் கொண்டுபோய்க் கட்டாடியாரிட்டக் குடுங்க. அம்மாள் அதப் பார்த்துக் கதவு திறக்கட்டும்.”

கட்டாடியார் என்பவர் அந்தக் கோயிலில் பூசை செய்பவர். நான் டயரியைக் கொடுக்கவில்லை. கோழி றோலை மரக்கறி றோலாக மாற்றினேன். அடுத்த ஒழுங்கையில் கேக் செய்து விற்கும் பெண்ணிடம் முட்டை இல்லாத கேக் செய்ய முடியுமா என்று கேட்டேன். சடங்குக் கிழமையில் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள் என்றாள். பிழை பிடிபட்டது, திருத்தப்பட்டது. மகளுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. சம்மந்தி சாதாரண நாட்களிலேயே ஆசாரம் பார்ப்பவர். கதவு திறந்த கிழமையில் சுத்தம் சரியில்லை என்று ஒரு காரணம் கிடைத்தால் அதுவே போதும், சாப்பிடாமல் போவதற்கு.

“கவலப்படாத. நான் ஒவ்வொண்டாப் பார்த்துத்தான் வாங்குவன்” என்றேன்.

அப்படியே செய்தேன். ஏறாவூரில் மொத்தமாக இனிப்பு விற்கும் கடையொன்றில் அரை நாள் நின்றேன். ஏழு போத்தலுக்கு ஏழு வகை. ஒவ்வொரு பைக்கற்றையும் வெளிச்சத்தில் பிடித்துக் காலாவதியாகும் நாளைப் பார்த்தேன். மூன்று மாதத்துக்குக் குறைந்ததைத் திருப்பி வைத்தேன். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர், புள்ளக்கி ரெண்டாவது பிறந்தநாளெண்டுதானே சொன்ன? கலியாணத்துக்கும் சேர்த்து வாங்கி வைக்கிறயளா?”

“நாள் பார்க்கிறது நல்லதுதானே.”

“நல்லது, நல்லது. பயமில்லாமக் கொண்டு போங்க. எல்லாம் ஹலால். பண்டி கிண்டி ஒண்டும் இல்ல.”

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஹலால் என்ற அந்த வார்த்தையை அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் போத்தல்களை நிரப்பத் தொடங்கினோம். கரடி வடிவ ஜெலி, புழு வடிவ ஜெலி, இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக மாஷ்மெலோ. மேசை படத்தில் இருந்ததைவிட வடிவாக வந்தது. பேத்தி கீழே உட்கார்ந்து சிரட்டைத் தண்ணீரில் கை போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்த எதையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் ஒரு பைக்கற்றின் பின்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“அப்பா, இதில ஜெலட்டின் எண்டு கிடக்கு.”

“அதென்ன?”

“மாட்டுத் தோல், எலும்பு அவிச்செடுக்கிற பசை. அடைப்புக்குள்ள மாடெண்டே போட்டிரிக்காங்க.”

ஏழு வகையில் நாலு அப்படி. பன்றி இல்லை என்று கடைக்காரர் உண்மையைத்தான் சொன்னார். நானும் எல்லாப் பைக்கற்றையும் உண்மையாகவே வாசித்திருந்தேன், அதில் திகதி இருந்த இடத்தை மட்டும். மனைவி ஒரு பையை எடுத்து வந்து பிடித்தாள். நான் நாலு போத்தலையும் அதற்குள் கொட்டினேன். அவளுக்குக் கேலிப் பகிடி வராத நேரம் அபூர்வம், இது அப்படி ஒன்று. மகள் மேசைத் துணியை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம். பின்னேரம் ஏறாவூருக்கு மறுபடி போக நேரமில்லை. காலையில் பார்க்கலாம் என்றேன்.

காலையில் நான் சட்டை போடும் முன்னமே படலை திறந்தது. பின்னேரம்தான் வருவார் என்று நினைத்திருந்த சம்மந்தி முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். ஒரு கையில் பை, மற்றக் கையில் எருமைத் தயிர்ச் சட்டி. சடங்குக்கு வருடா வருடம் வருபவராம், உச்சிப் பூசை பார்த்துவிட்டுத்தான் மற்றது என்றார். சட்டியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நேராக மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“என்ன சம்மந்தி, நாலு போத்தல் வெறுமையாக் கிடக்கு? இனிப்புக் காணாமப் போச்சா?”

மகள் என்னைப் பார்த்தாள். ஏதாவது சமாளித்துச் சொல்லுங்கள் என்பது அந்தப் பார்வை. எனக்குச் சமாளிக்க வராது. எழுதி வைப்பவனுக்கு அது பெரிய குறை. போன வருடத்து டயரியிலிருந்து ஏறாவூர்க் கடை வரைக்கும் ஒழுங்காகச் சொன்னேன். “பிழை என்ட. நாள் வைச்சதும் நான், சாமான் வாங்கினதும் நான்.”

“நாள நீங்களா வைச்ச? அது புள்ள பிறந்து வைச்ச நாளெல்லோ” என்றார். பிறகு மனைவியிடம், “தேங்காய் எத்தின இரிக்கி புள்ள?”

பன்னிரண்டு இருந்தது. அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு, தேங்காய் துருவும் திருவலையில் உட்கார்ந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. பெரிய தாச்சி அடுப்பில் ஏறியது. சீனி, தேங்காய்ப்பூ, ஏலம். ஒரு தாச்சி வெள்ளையாகவும் ஒன்று இளஞ்சிவப்பாகவும் தேங்காய் டொபி. மூன்றாவதில் ரின்னில் வரும் கட்டிப்பாலும் மரமுந்திரிகைப் பருப்பும் போட்டுப் பால் டொபி. பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். நாக்கில் வைக்கவில்லை. மகள் என் காதருகே வந்தாள்.

“பார்த்தீங்களா, ருசி கூடப் பார்க்கல்ல.”

“பூசைக்கு முந்தி வாயில வைக்க மாட்டாவாயிரிக்கும்.”

“எங்கட வீட்டுச் சீனியெண்டதாலயும் வைக்காம இரிக்கலாம்தானே.”

இரண்டில் எது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. தட்டில் ஊற்றியதும் வெட்டும் வேலை எனக்கு வந்தது. அடிமட்டத்தை வைத்து ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலமாகக் கோடு கீறினேன். சம்மந்தி சற்று நேரம் பார்த்தார்.

“இது டொபியா சம்மந்தி, இல்லாட்டி வயல் வட்டையில வரம்பு போடுறீங்களா?”

“ஒரே அளவா இரிந்தாப் போத்தலுக்குள்ள வடிவா அடுக்கலாம்.”

“அப்ப ஓரத்துக் காணி ஆருக்கு?” என்று, நான் வெட்டி ஒதுக்கிய கோணல் துண்டுகளைக் காட்டினார். மனைவி சிரித்துவிட்டாள். சம்மந்தி வந்து எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. நேராக வந்த துண்டுகளால் வெறும் போத்தல் நாலும் நிறைந்தன. கோணல் துண்டுகளை அவர் ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தார்.

பதினொரு மணி கடந்ததும் குளித்து, கோயிலுக்குப் போனார். அங்கே அன்னதானம் இருந்தது. அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. மகள் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்து மூடி வைத்துவிட்டு, பலூன்களுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். நான் சரித்திரப் புத்தகங்கள் நிறைய வாசித்தவன். படையெடுப்புகளும் பட்டாபிஷேகங்களும் நாளோடு இருக்கும். யார் வீட்டுப் பந்தியில் யார் உட்காரவில்லை என்பதை மட்டும் எவரும் எழுதி வைப்பதில்லை. குடும்பங்கள் அதை வைத்துத்தான் நடக்கின்றன.

சம்மந்தி நெற்றியில் திருநீற்றோடு திரும்பி வந்தார். கால் கழுவினார். மருமகன் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, எதுவும் கேட்கப் பயந்து பலூன் ஊதப் போனார். பதினாறும் ஏற்கெனவே ஊதி முடிந்திருந்தது. அவர் தாய் அடுப்படியை எட்டிப் பார்த்தார்.

“இன்னும் தயிர்ச்சட்டி அவுக்கல்லயா? பார்த்துக்கு இரிக்கவா நான் கரடியனாத்தில இரிந்து தூக்கி வந்த?”

“கோயில்ல சாப்பிட்டிருப்பீங்களெண்டு…” மகள் முடிக்கவில்லை.

“அங்க சனம் கூட. எனக்கு ஒரு பீங்கானப் போடு மனே.”

மகள் பீங்கான் எடுக்கப் போனவள் இரண்டு நிமிடமாகியும் வரவில்லை. மனைவிதான் போய் வாங்கிக்கொண்டு வந்து சோறு போட்டாள். சம்மந்தி சாப்பிட்டார். கத்தரிக்காய்க்கு உப்புக் குறைவு என்றார், இரண்டாவது தரமும் வாங்கினார். கடைசியில் தயிருக்குச் சீனி கேட்காமல், தான் மூடி வைத்த கிண்ணத்தைத் திறந்து ஓரத்துக் கோணல் துண்டுகளை உதிர்த்துப் போட்டுக் குழைத்தார்.

பின்னேரக் கொண்டாட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அயல் பிள்ளைகள் இருபத்தொரு பேர் வந்தார்கள். அந்த நாலு போத்தலும்தான் முதலில் முடிந்தன. கேக் வெட்டும்போது பேத்தி மேசைக்குக் கீழே சிரட்டைத் தண்ணீரில் இருந்தாள். சம்மந்தி அவளை நனைந்த சட்டையோடு தூக்கி மடியில் வைத்துக்கொள்ள, அப்படியே படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை டயரியை எழுதி முடித்தேன். சமைத்தது, வந்தவர்கள், வீசிய காற்று, எல்லாம் எழுதினேன். சம்மந்தி சாப்பிட்டார் என்று ஒரு தனி வரியும் எழுதினேன். மகள் தேத்தண்ணீரோடு வந்து தோளுக்கு மேலால் வாசித்தாள்.

“மணி போடல்லயே.”

உண்மைதான். நான் அந்த நேரம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து பேனையை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு மணி பத்து நிமிடம் என்று எழுதினாள். என் டயரியில் வேறொருவர் கை பட்ட ஒரே இடம் அதுதான். நான் அதைத் திருத்தவில்லை.