மேட்டில் நட்ட செராய்

மலாக்காவின் குருபோங்கில் மகள் வீட்டு வாசலில் மழை செம்மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து போட்டிருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், காஜா பெராங்கில் நான் படித்த தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர்தான் நினைவுக்கு வந்தார். நல்ல நினைவல்ல.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம். பள்ளிக்குப் பின்னால் இருந்த மேடு மழைக்கு மழை சரிந்துகொண்டிருந்தது. எங்கள் ருக்மணி டீச்சரின் அம்மா, மலாய் பேசும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். அந்த அம்மா வீட்டு மேட்டில் செய்வதுபோலவே, டீச்சர் எங்களை வெளியே அழைத்துப்போய்ச் எலுமிச்சை வாசமடிக்கும், வேரால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் செராய்ப் புல்லை நடவைத்தார்.

"மேலேருந்து கீழ நடாதீங்க, குறுக்கால நடுங்க. தண்ணி ஓடக்கூடாது, நடந்து போவணும்."

கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டையோடு வந்த தலைமையாசிரியர் மூக்கைச் சுளித்தார். "இது பள்ளிக்கூடமா, காய்கறி போடற கெபுனா? உங்க கம்போங் பட்டிக்காட்டுப் பழக்கத்தயெல்லாம் வீட்டோட வச்சிக்குங்க டீச்சர்."

சுதந்திர விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். மேடு மொழுமொழுவென்று இருக்க வேண்டுமாம். நட்ட எங்கள் கையாலேயே பிடுங்கவைத்தார்.

விழாவுக்கு முதல்நாள் பெய்த மழையில் மேடு இறங்கி, கீழே வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளை மூடியது. முழங்கால்வரை சேற்றோடு தலைமையாசிரியர் கத்தினார்: "டீச்சர், ஏதாச்சும் செய்ங்க!"

"நான் பாடம் நடத்திட்டேன் சார்," என்றார் டீச்சர்.

மறுநாள் அதே மனிதர் மேடையேறித் தாய்மண்ணின் பெருமையை வெகுநேரம் முழங்கினார். அடுத்த வாரம் நாங்கள் மறுபடி செராய் நட்டோம். அவர் தடுக்க வரவில்லை; தம் அறை ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அந்த ஆள் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.