நீதிபதிக்கு ஓர் அர்ச்சனை

அக்காவின் வழக்கு நடந்தபோது நான் சட்டம் படித்தேன். நோர்வேயில், ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் நிலம் துடைக்கிற மெஷினைத் தள்ளிக்கொண்டு, காதில் போனைச் செருகிக்கொண்டு படித்தேன். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கலைத்துவிட்ட வாத்தியார் கேள்விப்பட்டிருந்தால் சிரித்தே செத்திருப்பார்.

அத்தான், அக்காவின் புருஷன், ஊரில் போர் முடிகிற நேரத்தில் இராணுவத்திடம் சரணடைந்தவர். அக்காதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை. திவசம் என்ற பேச்சை எடுத்தவர்களோடு பிறகு அவள் கதைத்ததும் இல்லை. ஆளைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று ஆட்கொணர்வு மனுப் போட்டாள். அது வருஷக்கணக்காக இழுபட்டது.

அரச தரப்பு சொன்ன நியாயம் இதுதான்: அது போர்க்காலம், ஜனாதிபதி அவசரகாலச் சட்டம் போட்டிருந்தார், அதன் கீழ் நடந்ததை நீதிமன்றம் கேட்க முடியாது. அக்காவின் சட்டத்தரணி ஓர் இளம்பெண். எனக்கு அவள்தான் விளங்கப்படுத்தினாள்.

"அண்ணை, ஜனாதிபதிக்குப் பிடிச்சு வைக்க அதிகாரம் இருக்கலாம். ஆளை இல்லாமல் ஆக்க அதிகாரம் இல்லை. பிடிச்ச ஆள் எங்கை எண்டு கேக்கிறது கோட்டின்ரை வேலை. சண்டை நடந்தாலும் அந்த வேலை நிக்காது."

இதைக் கேட்டு எனக்கு மயக்கம் வந்தது. சீருடைக்காரன் இருமினாலே சைக்கிளில் இருந்து இறங்கி நின்ற ஆள் நான். ஜனாதிபதியையே ஒருவர் கேள்வி கேட்கலாமாம். அக்காவுக்குப் போன் எடுத்து, ஜனாதிபதிக்கு மேலே கோட்டு இருக்கிறது என்று ஏதோ நானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன்.

தீர்ப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை மனைவியோடு கோயிலுக்குப் போனேன். எல்லோரும் தங்கள் பிள்ளைகள் பேரில் அர்ச்சனை செய்கிறார்கள். எனக்கு மூளை கூடிவிட்டது. பேனையைப் பிடித்திருக்கிறவர் நீதிபதி. அவர் பேரில் செய்தால் என்ன? பேரைச் சொன்னேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். வெளியே வந்து, பனியில் வெறும் காலோடு நின்று சட்டத்தரணிக்குப் போன் எடுத்தேன்.

நீதிபதியின் நட்சத்திரத்தைக் கேட்டுச் சொல்லச் சொன்னேன். "அண்ணை, நீதிபதியிட்டைப் போய் நட்சத்திரம் கேட்டால் என்னைத்தான் உள்ளுக்குப் போடுவினம்."

கடைசியில் நட்சத்திரம் இல்லாமலே ஐயர் செய்துவைத்தார். திரும்பி வரும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள், "அத்தான்ரை பேரிலை செய்திருக்கலாமே. அவரின்ரை நட்சத்திரம் உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். ஆனால் அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் செய்வது. அவர் பேரை அங்கே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இதை மனைவியிடம் சொல்லாமல், காலில் பனி ஏறிவிட்டது என்று நொண்டிக்கொண்டு நடந்தேன்.

தீர்ப்பு வந்தபோது வேலையில் நின்றேன். போர் நடந்தாலும் நீதிமன்றத்தின் கதவு பூட்டப்படுவதில்லை, ஜனாதிபதியின் சட்டத்தைக் காட்டி ஓர் ஆளை மறைக்க முடியாது, வழக்குக் கூப்பிடுகிற அடுத்த தவணைக்கு இராணுவம் அவரைக் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். மெஷினைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று ஆடினேன். மேற்பார்வையாளர், ஒரு நோர்வேக்காரர், என்ன விஷயம் என்று கேட்டார். அக்கா ஜனாதிபதியை வென்றுவிட்டாள் என்று என் உடைந்த நொஷ்க் மொழியில் சொன்னேன். அவர் ஏதோ விளையாட்டுப் போட்டி என்று நினைத்து வாழ்த்தினார்.

அக்கா அத்தானுக்கு உடுக்கப் புதுச் சாரமும் சேட்டும் வாங்கினாள். வருகிற மனுஷன் எந்தக் கோலத்தில் வருமோ என்று, நீதிமன்றத்துக்கே அவற்றைக் கொண்டுபோனாள்.

தவணை நாளன்று ஓர் இராணுவ அதிகாரி மட்டும் வந்தார். அப்படி ஒருவர் தங்களிடம் சரணடையவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் நிலையத்திலிருந்து அக்கா போன் எடுத்தாள். அழவில்லை.

"தம்பி, ஜனாதிபதிக்கு மேலை கோட்டு எண்டு சொன்னனி."

"ஓம் அக்கா."

"கோட்டு சொல்லியும் ஆளைக் கொண்டுவரேல்லை. அப்ப கோட்டுக்கு மேலை ஆர்?"

செத்த வீட்டிலும் பகிடி விட்டு ஏச்சு வாங்கிய வாய் என்னுடையது. மெஷினை நிறுத்தினேன். கடைக்குள் சனம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

"லைனிலை நிக்கிறியோ?" என்று கேட்டாள்.

"நிக்கிறன்."

"உடுப்பு அப்பிடியே பையிலை கிடக்கு. அடுத்த தவணைக்கும் கொண்டுபோவன். பஸ் வருது, வைக்கிறன்."